குகேஷ் மாதிரி கணக்குப் போட

என் மகனுக்கு 9 வயது. குகேஷ் மாதிரி ஆட வேண்டும் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுகிறான். இது சரியா? – வாசகி, கும்பகோணம்

கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. குகேஷே அப்படித்தான் வளர்ந்தார். ரேட்டிங் 2500-ஐ நெருங்கும்வரை செஸ் இன்ஜின் பக்கமே போகவிடாமல் பழக்கியவர் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எது நல்ல நகர்த்தல் என்று திரை சொல்வதற்கு முன் பிள்ளையே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் அந்தச் சென்னைச் சிறுவன் கிராண்ட்மாஸ்டர்!

அவர் பலமே ஆழமான கணக்குதான். டிராவுக்குச் சட்டென்று கை நீட்டவும் மாட்டார். 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய்தான் அதிகம், டிரா என்று எல்லோரும் நினைத்த நிலை. குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் நின்ற டிங்கின் பிஷப்பும் தப்ப வழியின்றி குகேஷின் பிஷப்போடு வெட்டுப்பட, மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், அதில் வெற்றி குகேஷுக்கு. 18 வயதில் உலக சாம்பியன்.

இப்படிக் கணக்குப் போடப் பழக, பலகையை விரித்து, காய்களைத் தொடாமல் மனதுக்குள்ளேயே மூன்று நகர்த்தல் தூரம் யோசிக்கச் சொல்லுங்கள். விடையை நோட்டில் எழுதிய பிறகு மட்டும் கம்ப்யூட்டரில் சரிபார்க்கட்டும்.