காட்சியின் முதற்படி

விண்மீன் ஒளியிலும் வழி கண்டு நடக்க வல்லவன் மனிதன். அவ்வாற்றலை அவனுக்கு அளிப்பது கண்ணின் பின்புறத்தே அமைந்த விழித்திரை ஆகும். அம்மெல்லிய திரையில் கோல்கள், கூம்புகள் என இருவகை உயிரணுக்கள் உள. கூம்புகள் பகலொளியில் நிறங்களை உணர்த்தும். கோல்கள் மங்கிய ஒளியில் தொழிற்படும். ஒரு கண்ணில் உள்ள கோல்கள் மட்டும் ஏறத்தாழ 12 கோடி.

1876-ஆம் ஆண்டில் பிரான்ஸ் போல் என்னும் செருமானிய அறிஞர், இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை ஆராய்ந்தார். அது செந்நிறமாய் இருந்தது. ஒளி பட்டதும் வெளிறியது. அந்நிறத்திற்குக் காரணமான பொருள் இன்று ரோடாப்சின் எனப்படுகிறது. ஆப்சின் என்னும் பெரும் புரதமும், அதனுள் அடங்கிய ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறும் சேர்ந்ததே ரோடாப்சின்.

இருளில் ரெட்டினால் வளைந்து கிடக்கும். அதன் கரியணுக்களுக்கு இடையேயுள்ள இரட்டைப் பிணைப்பு, அவ்வளைவை மாறவிடாது காக்கும். ஒளியை ஏற்றவுடன் அப்பிணைப்புத் தளரும். மடக்கிய கை நீள்வதுபோல ரெட்டினால் நிமிரும். ஒரு நொடியை இலட்சங் கோடிக் கூறுகளாக்கின், அக்கூறுகளுள் ஒன்று கழிவதற்குள் இம்மாற்றம் முடிந்துவிடும்! காட்சியில் ஒளி செய்யும் பணி இவ்வளவே என்பதை ரூத் ஹப்பார்டும் ஆலன் கிராப்பும் 1958-இல் விளக்கினர்.

எஞ்சியவற்றை உடலே செய்துகொள்கிறது. நிமிர்ந்த ரெட்டினாலுக்கு ஏற்ப ஆப்சினும் வடிவம் மாறும். அருகிலுள்ள புரதங்களைத் தூண்டும். கோலின் மின்னிலை மாறும். செய்தி நரம்பின் வழியே மூளையை எட்டும். பின்னர் ரெட்டினால் ஆப்சினைவிட்டு நீங்கி, மீண்டும் வளைக்கப்பெற்று, தன் இடத்தை அடையும். இதற்குக் காலம் வேண்டும். கடும் வெயிலினின்று இருண்ட அறையுள் புகுந்தவனுக்கு உடனே ஒன்றும் புலப்படாமைக்கு இதுவே முதன்மையான காரணம்.

ரெட்டினால் எதனின்று உண்டாகிறது? ஜார்ஜ் வால்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1933-இல் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். அச்சத்தே ரெட்டினாலின் மூலப்பொருள். விழியாராய்ச்சிக்காக 1967-இல் அவர் நோபெல் பரிசைப் பிறர் இருவருடன் பகிர்ந்து பெற்றார்.

உணவில் அச்சத்துக் குறையின், கோல்கள் ரோடாப்சினை ஆக்க இயலாது வாடும், மாலைக்கண் தோன்றும். குறை நீடிப்பின் கருவிழி கெட்டுக் குழந்தைகள் பார்வையையே இழத்தலும் கூடும். முருங்கைக்கீரை, மாம்பழம், பால், முட்டை முதலியன இக்கேட்டைத் தடுக்க வல்லவை. வந்தபின் வருந்துவதினும் வருமுன் காத்தலே அறிவுடைமை.