தலைவன் இல்லாத நடுக்கங்கள்

மாணவர்களே, நிலநடுக்கம் என்றால் முதலில் ஒரு பேரதிர்ச்சி, பிறகு சிறு அதிர்ச்சிகள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். இப்பின்னதிர்ச்சிகள் நாட்பட நாட்பட ஓர் ஒழுங்குடன் குறைந்துவரும் என்பதை 1894-இல் ஜப்பானிய அறிஞர் ஓமோரி கண்டறிந்தார். ஆனால் எரிமலைப் பகுதிகளில் வேறொரு வகையும் உண்டு. அங்கே தலைமை அதிர்ச்சி என்று ஒன்று இராது. சிறு அதிர்ச்சிகள் ஆயிரக்கணக்கில், வாரக்கணக்காகத் தொடரும். இதை நடுக்கத் திரள் என்போம்.

இத்திரளிலும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாக ஒரு பகுதியில் ரிக்டர் அளவு 4-ம் அதற்கு மேலும் உள்ள நடுக்கம் ஒன்று நிகழ்ந்தால், 3-ம் அதற்கு மேலும் உள்ளவை சுமார் 10, 2-ம் அதற்கு மேலும் உள்ளவை சுமார் 100 நிகழும். இது கூட்டன்பர்க், ரிக்டர் ஆகியோர் வகுத்த விதி. எண்ணிக்கையின் மடக்கையை (லாகரிதம்) அளவுக்கு எதிராக வரைந்தால் இறங்கும் நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவு ஏறத்தாழ 1. எரிமலைத் திரள்களில் இச்சரிவு சில வேளை 2 வரை உயர்கிறது. அப்போது 1, 10, 100 என்பது 1, 100, 10,000 ஆகிவிடும்!

காரணம் என்ன? உலோகத் தகட்டில் ஓடும் விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். எரிமலையின் அடிப்பாறை ஏற்கெனவே வெடிப்புகள் நிறைந்தது. புதிய விரிசல் சிறிது தூரம் ஓடி, பழைய வெடிப்பில் முட்டி நிற்கிறது. ஆகவே சிறு நடுக்கங்கள் மிகுதி, பெரியவை அரிது. வெப்பமும், பாறையிடுக்குகளில் உள்ள நீரின் அழுத்தமும் இதற்குத் துணைபுரிகின்றன.

அப்படியானால், திரள் தோன்றினால் எரிமலை வெடிக்குமா? இத்தாலியின் பொட்சுவோலி நகரில் 1982 முதல் 1984 வரை தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான நடுக்கங்கள் பதிவாயின. சுமார் 40,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். எரிமலை வெடிக்கவில்லை. 1991-இல் பிலிப்பைன்சின் பினாதுபோ மலையிலும் நடுக்கங்கள் திரண்டன, மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15-இல் மலை பயங்கரமாக வெடித்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின.

ஆகவே நடுக்கங்களை எண்ணுவது மட்டும் போதாது. தரையின் உயர்வு, வெளிவரும் வாயுக்கள், நடுக்கம் தோன்றும் ஆழம் ஆகியவற்றையும் சேர்த்தே அறிஞர்கள் முடிவு செய்கின்றனர். வீணாக வெளியேறியவர்கள் திரும்பி வரலாம், வெளியேறாமல் இருந்துவிட்டால்?

பயிற்சி: ஒரு கற்பனைத் திரளில் அளவு 2-ம் அதற்கு மேலும் 3,200 நடுக்கங்கள், 3-ம் அதற்கு மேலும் 100. சரிவு என்ன? (விடை: சுமார் 1.5)