வாடகைக்கு விட ஒரு வீடு: வாங்கும் காலம் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது நம் பழமொழி. அது சொல்வது நாம் குடியிருக்கும் வீட்டைப் பற்றி. பிறர் குடியிருக்க நாம் வாங்கும் வீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள தெருக்களில் ஒரு தொழிலாளி ஓய்வு பெறும் நாள் நெருங்கினால், உற்றார் உறவினர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “வர்ற பணத்துல சின்னதா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுடுங்க. மாசம் பொறந்தா பணம் வந்துகிட்டே இருக்கும்.” பணம் போதாதே என்றால் அதற்கும் விடை தயாராக இருக்கிறது: “பையன் டிகிரி முடிக்கப் போறான் இல்ல? லோனை அவன் பேர்ல போட்டுக்கலாம்.”

அந்தப் பையன்களும் பெண்களும் இக்கல்லூரியில்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டிலும் இப்பேச்சு நடக்கிறது. எனவே இப்பொருளை ஆராய்வது வெறும் எண் விளையாட்டு அன்று. நம்மில் பலர் மேற்படிப்புக்குப் போவோமா, கிடைத்த முதல் வேலையில் அமர்ந்து தவணை கட்டுவோமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

ஆசையின் காரணம்

வாடகை வீட்டின் மேல் தொழிலாளர்க்கு உள்ள ஆசையைப் பேராசை என்று தள்ளுவது தவறு. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுக்க வேண்டும். அச்சம்பளத்திற்கு 2014-ல் வைத்த உச்சவரம்பு ரூ.15,000. அவ்வரம்புக்கு உட்பட்ட ஒருவருக்கு 35 ஆண்டுப் பணி எனக் கொண்டாலும் மாதம் ரூ.7,500-க்கு மேல் வராது. குறைந்தபட்ச ஓய்வூதியமாக அதே 2014-ல் நிர்ணயித்த தொகை ரூ.1,000.

மறுபுறம் வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. பணிக்கொடைக்கு ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. மாதத்தை 26 நாளாகக் கொள்வர். கடைசிச் சம்பளம் ரூ.26,000, பணி 30 ஆண்டு என்றால் ரூ.4,50,000. மாத வருமானம் சுருங்குகிறது, மொத்தப் பணம் ஒருமுறை மட்டும் வருகிறது. அந்த மொத்தத்தை மாத வருமானமாக மாற்றும் வழியாகத்தான் வாடகை வீடு நமக்குத் தோன்றுகிறது. ஆசை நியாயமானதே. அது நிறைவேறும் காலம் எது என்பதே கேள்வி.

குடி வருபவர் யார்?

வாடகையைத் தருவது சுவர் அன்று. சுவருக்குள் வாழும் மனிதர். அவருக்கு வேலை இருந்தால்தான் நமக்கு வாடகை. நம் பகுதியில் வீடுகள் பெருகியதே வேலையைப் பின்தொடர்ந்துதான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் இராயபுரத்தில் எழுந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டாகி எண்ணூரில் வளர்ந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் காலூன்றியது. ஒவ்வொன்றின் பின்னாலும் குடித்தனங்கள் வந்தன.

வந்த வேலை போவதும் உண்டு. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. 1970-ல் மின்னாக்கம் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர்நீதிமன்ற ஆணையால் 2011-ல் நின்றது; அவ்வேலை 2001 முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது. இராயபுரத்தின் காற்றிலிருந்து கரித்தூள் குறைந்தது. கரி சுமந்தவர்களின் பிழைப்பும் இடம் மாறியது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்தபின், அண்ணா சாலையில் வேலை பார்ப்பவரும் திருவொற்றியூரில் குடியிருக்கலாம் என்ற நிலை பிறந்தது.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று. ஒரே ஆலையை, ஒரே ஒப்பந்ததாரரை நம்பியிருக்கும் தெருவில் வீடு வாங்கினால், அந்த ஆலையின் தலைவிதியே நம் வீட்டின் தலைவிதி. மருத்துவமனை, இரயில், துறைமுகம், பள்ளி எனப் பல வேலைக்காரர்களும் குடிவரக்கூடிய தெருவே பாதுகாப்பானது.

கணக்கு சொல்வது என்ன?

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் விலையும் வாடகையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வாசகர் தம் தெரு நிலவரத்தை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டின் விலை: ரூ.30,00,000
முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் (9 விழுக்காடு): ரூ.2,70,000
தரகு, வெள்ளையடிப்பு, சில்லறைச் செலவு: ரூ.30,000
ஆக மொத்தம்: ரூ.33,00,000

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4-லிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. இப்பணத்துக்கு வங்கி பொதுவாகக் கடன் தராது; கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பலர் கணக்கில் விட்டுவிடும் தொகை இதுவே.

மாத வாடகை ரூ.9,000 என்போம். ஒரு குடி போய் மறுகுடி வர ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் எனக் கொண்டால் ஆண்டு வரவு ரூ.99,000. சொத்து வரி, குடிநீர் வரி, பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு ரூ.15,000 கழித்தால் மீதி ரூ.84,000, அதாவது மாதம் ரூ.7,000. முதலீட்டில் இது நூற்றுக்கு இரண்டரை.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்ட வட்டி 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த வட்டியில் ரூ.10 இலட்சம் போட்டால் ஆண்டுக்கு ரூ.82,000. முப்பத்துமூன்று இலட்ச ரூபாய் வீடு தருவதும், பத்து இலட்ச ரூபாய் வைப்பு தருவதும் ஏறத்தாழ ஒன்றே! நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வைப்புப் பணம் வளராது. வாடகை ஆண்டுதோறும் சிறிது ஏறும், மனையின் விலையும் ஏறலாம். ஆனால் ஏறிய விலையை வைத்து மளிகை வாங்க முடியாது. வீட்டை விற்றால்தான் அது பணம். மாத வருமானத்துக்காக வாங்குபவர் மாத வருமானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனிக் கடன். கையில் 10 இலட்சம், மீதி 23 இலட்சத்துக்குக் கடன் என்போம். 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.19,960. வீடு தருவது ரூ.7,000. மாதந்தோறும் ரூ.12,960 வேறெங்கிருந்தோ வரவேண்டும். அந்த ‘வேறெங்கிருந்தோ’ என்பது பட்டம் பெறப்போகும் பிள்ளையின் முதல் சம்பளம்.

வட்டியும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதத்தில் 4 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் 6.5. கடன் வட்டியும் அதேபோல் 7-லிருந்து 9.5-க்கு ஏறினால், 23 இலட்சத்தின் தவணை ரூ.17,830-லிருந்து ரூ.21,440 ஆகிவிடும். வாடகையை ஒரே மூச்சில் ரூ.3,600 ஏற்ற நம்மால் முடியுமா?

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ‘வங்கி எவ்வளவு கடன் தரும்?’ என்று கேட்கிறோம். ‘வாடகை எவ்வளவு கடனைச் சுமக்கும்?’ என்று கேட்க வேண்டும். அதே வட்டியில் 8 இலட்சம் கடனுக்குத் தவணை ரூ.6,943. மாதம் 7,000 தரும் வீடு சுமக்கக்கூடிய சுமை அவ்வளவே. அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் இலட்சமும் குடும்பத்தின் முதுகில் ஏறுகிறது.

காகிதமும் கட்டடமும்

நம் பகுதியில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரம், முப்பது ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்துவரி இரசீது ஆகிய ஐந்தும் ஒரே பெயரை, ஒரே அளவைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் மனை கோயிலுடையது, மேலுள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. கோயில் நிலத்தை விற்பதற்கு 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீடு என்றால், ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் விற்பனைப் பத்திரம் கொடுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெறும் ஒதுக்கீட்டுச் சீட்டைக் கைமாற்றி வாங்குவது வீடு வாங்குவதாகாது.

அடுக்குமாடி எனில் மனையில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, கட்டடத்தின் வயது என்ன என்றும் கேட்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புப் பகுதி ஒன்று சரிந்து விழுந்தது. விரிசல் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

லீஸ் பற்றியும் ஒரு சொல். வீட்டை லீஸுக்கு விட்டு மொத்தமாக வாங்கும் சில இலட்சங்களை வைத்தே வீட்டின் விலையைக் கட்டிவிடலாம் என்பார் உண்டு. லீஸ் பணம் வருமானம் அன்று. திருப்பித் தரவேண்டிய கடன். அக்காலம் முழுதும் வாடகையும் கிடையாது.

கடலும் காற்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே நம் கரை அரிந்தது. கடலோரம் கட்டுவதற்கு 1991 முதல் தனி ஒழுங்குமுறை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வெளியேறினர். இப்படிப்பட்ட நாளில் குடியிருப்பவர் வேறு வீடு பார்த்துப் போய்விடலாம். சொந்தக்காரர் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எனவே மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை தெருவைப் போய்ப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

காலம் எது?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் வாங்கும் காலம் தெளிவாகும். விலை குறைந்திருக்கும் காலம் அன்று. பணம் கைக்கு வந்த காலமும் அன்று. வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் நம் வீட்டு அடுப்பு எரியுமானால், அதுவே வாங்கும் காலம். மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், ஆறு மாதத் தவணை தனியே இருக்க வேண்டும். எட்டு இலட்சம் கடனுக்கு அது ஏறத்தாழ ரூ.42,000, இருபத்துமூன்று இலட்சத்துக்கு ஏறத்தாழ ரூ.1,20,000. கடன் வாடகைக்குள் அடங்க வேண்டும். காகிதம் ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பதே அறிவுடைமை. காத்திருக்கும் பணம் வட்டி ஈட்டும். அவசரப்பட்ட பணம் வட்டி கட்டும்.

வாங்கியபின் கடமையும் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வேண்டுகிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. தகராறு என்று சொல்லித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. குடக்கூலி வீட்டில் வளர்ந்த நமக்கு இவற்றைச் சட்டம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

எங்கள் வீட்டில் இக்கணக்கைத் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். எட்டு இலட்சத்துக்குள் கடன் அடங்கினால் வாங்கலாம், இல்லையேல் பணம் அஞ்சலகத்தில் இருக்கட்டும் என்பது என் கருத்து. முடிவு அவருடையது, ஏனெனில் உழைப்பு அவருடையது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்பேச்சு எழும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். நாம் பெற்ற கல்வி, நம்மைப் படிக்க வைத்தவர்களின் முப்பது ஆண்டு வியர்வையைக் காக்க ஒருமுறையேனும் பயன்படட்டும்.