கோவையிலிருந்து சென்னைக்கு: குடியேற ஏரியா தேர்ந்தெடுக்க 14 குறிப்புகள்

வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வரும் கோவைக் குடும்பங்கள் வீடு தேடுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிற அவசரம். அந்த மாதங்களில் சென்னைத் தெருக்கள் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் சாலை நெரிசலும் கொஞ்சம் குறைவு. பார்க்கிற ஏரியா எல்லாம் நல்லதாகவே தெரியும். ஆனால் சென்னையில் ஓர் ஏரியாவின் சுயரூபம் தெரிவது மூன்று சமயங்களில்: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோடையில் போர் வற்றும்போது, நவம்பர் மழையில். இந்த மூன்றையும் வெயில் காலத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. ஹால் எத்தனை சதுர அடி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. ஆஃபர் லெட்டரில் ‘சென்னை’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கட்டடம் என்று எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே கம்பெனிக்குத் தரமணியில் ஒன்று, சோழிங்கநல்லூரில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று என்று அலுவலகங்கள் இருப்பது சகஜம். மத்திய கைலாஷில் தொடங்கும் ஓ.எம்.ஆர். சாலை சிறுசேரியைத் தொடுவதற்கே 20 கிலோமீட்டர் ஆகிவிடும். அதனால் ‘ஓ.எம்.ஆரில் வீடு’ என்ற விளம்பரத்துக்கு அர்த்தமே இல்லை. வாரத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும், ஷிப்ட் நேரம் என்ன, கம்பெனி பஸ் எந்தெந்த நிறுத்தங்களில் நிற்கிறது என்ற விவரங்களையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு கிடைத்தால், வாடகை சற்றுக் கூடினாலும் எடுத்துக்கொள்ளலாம்.

2. கிலோமீட்டரைக் கணக்கில் வைக்காதீர்கள், ரயிலைக் கணக்கில் வையுங்கள். கோவையில் வடவள்ளியில் இருந்துகொண்டு பீளமேட்டுக்கு ஸ்கூட்டரில் போய் வந்த பழக்கத்தில், ‘பன்னிரண்டு கிலோமீட்டர்தானே’ என்று இங்கே நினைத்தால் தினமும் அவதி. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையை ஒட்டி வீடு எடுத்தவர்களுக்குப் பயண நேரம் அதிகம் முன்பின் ஆவதில்லை. குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. அதே நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் கார் எடுத்தவர் கத்திப்பாராவைத் தாண்டப் போராடிக்கொண்டிருப்பார். பரங்கிமலையிலும் கிண்டியிலும் மெட்ரோவுக்கு மாறலாம் என்பது கூடுதல் வசதி. ஒன்று மட்டும் கவனம்: ‘தாம்பரம் அருகில்’ என்று சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டையும் காட்டுவார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. வேலை எங்கே என்பதை வைத்து எந்தப் பக்கம் தேடலாம் என்று என் கணக்கைச் சொல்கிறேன். தரமணி, டைடல் பார்க் என்றால் திருவான்மியூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர். வேளச்சேரியும் சரிதான், ஆனால் தெரு பார்த்து எடுக்க வேண்டும். வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை போகும் பறக்கும் ரயிலில் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கினால் டைடல் பார்க் பக்கத்திலேயே. சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் மேடவாக்கம், நாவலூர், கேளம்பாக்கம். மணப்பாக்கம் பக்கம் என்றால் போரூர், ஐயப்பன்தாங்கல், வளசரவாக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு கொரட்டூர், வில்லிவாக்கம், முகப்பேர், ஆவடி. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்றால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில். மகேந்திரா சிட்டிக்குப் பரனூர் ஸ்டேஷன் இருக்கிறது. காலையில் ஊரே நகரத்துக்குள் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் போவதால் ரயிலில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்தான் வழி. அதன் தடத்தைப் பார்த்து மேற்குத் தாம்பரம், படப்பை, பூந்தமல்லி என்று தேடுங்கள்.

4. கணவன், மனைவி இருவருக்கும் வேலை என்றால் இரண்டு அலுவலகங்களுக்கும் நட்டநடுவில் வீடு பார்ப்பது சரியாகத் தோன்றும். நடைமுறையில் இருவருமே அலைவார்கள். இரவு தாமதமாக வருபவர் யார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓட வேண்டியவர் யார் என்று பாருங்கள். அவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு, மற்றவருக்கு நேரடி ரயிலோ பஸ்ஸோ இருந்தால் போதும்.

5. முதல் மாதம் குடும்பத்தைக் கோவையிலேயே விட்டுவிட்டு, வேலைக்குச் சேருபவர் மட்டும் பி.ஜி.யிலோ உறவினர் வீட்டிலோ தங்குவது நல்லது. பிடித்த ஏரியாக்கள் இரண்டு மூன்றிலிருந்து, திங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பி அலுவலகம் போய்ப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் திரும்பியும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் புரோக்கரின் பைக்கில் உட்கார்ந்து போன நேரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

6. ‘மெட்ரோ வருது சார்’ என்று சொல்லி வாடகையைக் கூட்டுவார்கள். மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர் என்பது இரண்டாம் கட்டத் திட்டம். உங்கள் ஏரியாவில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டதா என்று கேளுங்கள். ஓடுகிறது என்றால் தாராளமாகக் கூடக் கொடுங்கள். தூண் மட்டும்தான் நிற்கிறது என்றால், ரயில் வரும்வரை தடுப்புக்கும் தூசுக்கும் நடுவே நீங்கள்தான் போய்வர வேண்டும். அதற்கு வாடகை குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது.

7. தண்ணீர். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்குச் சென்னையில் முதல் சோதனை இதுதான். ‘இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி’ என்று ஓனர் சொல்வது உண்மையாகவே இருக்கும். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. மெட்ரோ வாட்டர் குழாயில் வருகிறதா, போர் தண்ணீரா, லாரியா? ஓ.எம்.ஆர். பக்கம் பல அடுக்குமாடிகள் தனியார் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அந்தச் செலவு மெயின்டெனன்ஸ் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். எனவே சென்ற வருடத்து ஏப்ரல், மே, ஜூன் மாத மெயின்டெனன்ஸ் ரசீதுகளை அசோசியேஷனிடம் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் மாத ரசீதைக் காட்டினால் போதாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

தண்ணீரின் தரத்தை வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே தெரிந்துகொள்ளலாம். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள், ஷவரின் துளைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, விரலால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால் உப்புத் தண்ணீர். டைல்ஸில் வடியும் கோடுகளும் அதையே சொல்லும். ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாருங்கள். அதில் கொஞ்சம் சோப்பைக் கரைத்துப் பாருங்கள், நுரைக்கத் தயங்கும். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவும் அடம்பிடிக்கும், துணியும் நாளாவட்டத்தில் விறைத்துப்போகும். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். குளிக்கவும் துவைக்கவும் யார் கேன் வாங்குவார்கள்?

8. மழை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், கோட்டூர்புரம் என்று புகுந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளை மூழ்கடித்தது. இந்தப் பெயர்களைக் கேட்டதும் ஏரியாவையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே ஏரியாவில் ஒரு தெரு காய்ந்திருக்கும், அடுத்த தெருவில் படகு போகும். தெருவைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? காம்பவுண்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குப் பழுப்புக் கோடு ஓடுகிறதா, புது பெயின்ட் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடித்திருக்கிறார்களா, பக்கத்து வீடுகள் எல்லாம் நான்கைந்து படி உயர்த்திக் கட்டியிருக்க நீங்கள் பார்க்கும் வீடு மட்டும் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, மீட்டர் பெட்டியை இடம் மாற்றி உயரத்தில் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் போய், “அண்ணா, 2015ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க? 2023ல?” என்று கேளுங்கள். ஓனர் ‘கொஞ்சம்தான் நின்னுச்சு’ என்று சொல்லியிருப்பார். இவர் கையை முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார். எத்தனை நாள் கரண்ட் இல்லை, பால் பாக்கெட் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். உங்கள் தெருக்காரர்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்ற ஒரு கேள்வியே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

தரைத்தள வீடு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வயதானவர்களுக்காக எடுத்தே ஆக வேண்டும் என்றால், தெருமட்டத்திலிருந்து மூன்றடியாவது உயர்ந்த வீடாகப் பாருங்கள். முதல் மாடியில் இருந்தாலும் மோட்டாரும் மீட்டரும் கீழே இருந்தால் வெள்ளத்தின்போது தண்ணீரும் கரண்டும் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

9. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா? புறநகரில் பல இடங்களில் இன்னும் டேங்க்தான். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை லாரி வருகிறது, செலவு யாருடையது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்தால் வீட்டில் இருக்க முடியாது. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு அருகே வீடு பார்த்தால், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய் மொட்டைமாடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். காற்று திசை மாறும்போதுதான் நாற்றம் தெரியும்.

10. கோவையில் மின்விசிறியோடு சமாளித்தவர்களுக்கும் இங்கே ஏ.சி. தேவைப்படும். கடைசி மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை இரண்டையும் தவிர்த்தால் கரண்ட் பில் குறையும். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஓனர் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. கடலை ஒட்டிய தெருக்களில் சாயங்காலக் காற்று அருமையாக இருக்கும். கூடவே கிரில், பைக், ஃபிரிட்ஜ் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

11. பள்ளியை முடிவு செய்யாமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இடம் கிடைத்துவிட்டது என்று பள்ளி உறுதி சொன்ன பிறகு, வேன் அந்தத் தெருவுக்குள் வருகிறதா, மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறதா, காலையில் எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை பத்தாவது அல்லது பன்னிரண்டாவது போகிறது என்றால் அந்த ஒரு வருடம் குடும்பம் கோவையிலேயே இருக்கட்டும்.

12. ஊருக்குப் போய்வரும் வழியையும் பாருங்கள். சேரன், நீலகிரி, கோவை எக்ஸ்பிரஸ், வந்தே பாரத் என்று கோவை ரயில்கள் சென்ட்ரலிலிருந்துதான் கிளம்புகின்றன. தாம்பரம் பாதையில் இருப்பவர்கள் பூங்கா ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல். கேளம்பாக்கத்தில் இருந்தால் வெள்ளி இரவு ரயிலுக்கு மாலையிலேயே கிளம்ப வேண்டும். மாதம் இருமுறை ஊருக்குப் போகிறவர்களுக்கும், அம்மா அப்பா வந்து தங்கும் வீடுகளுக்கும் இது பெரிய விஷயம்.

13. இரவு ஒன்பதரைக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெண்களே நடந்து பார்த்துச் சொல்லட்டும். தெருவிளக்கு, திறந்திருக்கும் கடை, நாய்த் தொல்லை, பாரின் வாசலில் கூட்டம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

14. வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்று பழைய கணக்கைச் சொன்னால் இதைச் சொல்லிப் பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர்ச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இன்னொன்று, இத்தனை மாதம் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனைக்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று எழுதி வாங்குங்கள். ஜூனில் குடிபோனவர்களுக்கு அந்தத் தெருவின் மழை நவம்பரில்தான் தெரியும். டிசம்பரிலேயே வீடு மாற்ற வேண்டி வந்தால் அட்வான்ஸ் முழுதாகக் கைக்குத் திரும்ப வேண்டும்.