பாலத்துக்கு முன் கணக்கு

கேள்வி: ஆனைமலைப் பக்கம் பள்ளி ஆசிரியை நான். காட்டு விலங்குகள் சாலையைக் கடக்கப் பாலம் வடிவமைப்பதை 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செயல்திட்டமாகக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அட்டையையும் பசையையும் முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். எந்த உயிரினம், எங்கே, எப்போது கடக்கிறது என்ற கணக்கு இல்லாமல் செய்யும் பாலம் வெறும் பொம்மைதான்.

வால்பாறை புதுத்தோட்டத்தைக் காட்டுங்கள். சாலைக்கு மேலே கிளைகள் தொடாத இடங்களில் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் அதில் கடக்கின்றன.

நோட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர் கல், உயிரினம், மழை உண்டா, மேலே கிளைகள் தொடுகின்றனவா என்று பத்தி பிரிக்கச் சொல்லுங்கள். எதுவும் தென்படாத நாளையும் எழுத வேண்டும். பிள்ளைகள் அதைத்தான் விட்டுவிடுவார்கள். பிறகு கட்டம் போட்ட தாளில் சாலையை வரைந்து, பதிவுக்கு ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் குவியும் இடத்தில்தான் யோசனையைத் தொடங்க வேண்டும். தவளைக்குச் சாலைக்கு அடியில் ஈரமான குழாயும், அதை நோக்கித் திருப்பிவிடும் குட்டைச் சுவரும் வேண்டும். பெரிய விலங்குக்கு அது போதாது. பென்ச் காட்டில் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையையே உயர்த்தி, கீழே வழிவிட்டிருக்கிறார்கள்; அங்கே வைத்த கேமராக்களில் புலியும் பதிவாகியிருக்கிறது.

ஒன்று கண்டிப்பு: கணக்கெடுக்கப் பிள்ளைகளைச் சாலையில் இறக்காதீர்கள். பஸ் ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பார்த்ததைக் கேட்டு எழுதினாலே நிறையக் கிடைக்கும். முடித்ததும் வரைபடத்தின் நகலை வனச்சரக அலுவலகத்தில் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.