கையில் மாட்டும் டேக் ரீடர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை



லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது ஒருவர் சுமக்க, ஒருவர் எண்ண, ஒருவர் சிட்டையில் கோடு போட என்று மூன்று பேர் நிற்பது நம் மண்டிகளில் வழக்கம். இப்போது சுமப்பவர் கையிலேயே ஒரு கருவியை மாட்டிவிட்டால் கையே எண்ணிக்கொள்ளும் என்று விற்பனையாளர்கள் வந்து சொல்கிறார்கள். நம் உறுப்பினர்கள் சிலர் விலையும் விசாரித்திருக்கிறார்கள். விலையைப் பேசுமுன் கருவியின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பார்கோடும் டேக்கும் ஒன்றல்ல. பார்கோடு என்பது கோடு. அதை ஒளி பார்க்க வேண்டும். டேக் என்பது சிறு சில்லும் ஆன்டெனாவும் ஒட்டிய சீட்டு. சுங்கச்சாவடியில் நம் வண்டிக் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் அந்த வகைதான். அதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு டேக்குக்கும் தனி எண் என்பதால், ஒரே மூட்டையை மூன்று முறை வாசித்தாலும் கணக்கில் ஒன்றுதான் ஏறும். இது பெரிய வசதி.

கையில் மாட்டும் யோசனை புதிதல்ல. 1990களிலேயே அமெரிக்காவில் சிம்பல் டெக்னாலஜிஸ் நிறுவனம் விரலில் மோதிரம் போல மாட்டும் பார்கோடு ஸ்கேனரைக் கொண்டுவந்தது. துப்பாக்கி போன்ற ஸ்கேனரைப் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது. பெட்டி தூக்க இரண்டு கையும் வேண்டும். 2014இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கிய புரோகுளோவ் நிறுவனம் ஸ்கேனரைப் புறங்கையில் வைத்தது. இவை இரண்டும் கோட்டைப் பார்ப்பவை. டேக்கை வாசிக்கும் கருவியில் வேறொரு சங்கடம் உண்டு.

மனிதக் கை பெரும்பகுதி தண்ணீர். மூட்டை, பெட்டிகளுக்குப் பயன்படும் டேக்கின் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆன்டெனாவைத் தோலோடு ஒட்டி வைத்தால் அதன் வீச்சு குறைந்துவிடும். இடையில் மெத்தை வைத்து விலக்கினால் வாசிக்கும். ஆனால் கருவி தடித்து, மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையில் கை நுழையாது. அலையின் சக்தியைக் கூட்டினால் பெரிய பேட்டரி வேண்டும், எடை ஏறும். போதாக்குறைக்கு, பக்கத்து அட்டியில் இருக்கும் மூட்டைகளும் சேர்ந்து பதில் சொல்லும். பத்து மூட்டை இறக்கினால் கணக்கில் பதினாறு நிற்கும்.

2005இல் இன்டெல் நிறுவனத்தின் சியாட்டில் ஆய்வுக்கூடத்தினர், வீட்டில் ஒருவர் எந்தெந்தப் பொருளை எடுத்துப் புழங்குகிறார் என்று அறியக் கையுறையில் ரீடர் பொருத்திப் பார்த்தார்கள். அதோடு வளையல் வடிவிலும் செய்தார்கள். நாள் முழுதும் கையுறை போட்டுக்கொண்டு யார் இருப்பார்கள்? ஆனால் வளையல் மணிக்கட்டில் இருப்பதால் பொருளிலிருந்து தள்ளிப் போகிறது. கூடுதல் வீச்சு வேண்டும். கைக்குச் சுகம் ஒரு பக்கம் என்றால் வாசிப்பு மறுபக்கம் இழுக்கிறது. நல்ல கருவி என்பது அந்த இழுபறியில் சரியான இடத்தில் நிற்பது.

விற்பனையாளர் ‘ஐந்து மீட்டர் வரை வாசிக்கும்’ என்று பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். கைக்கருவிக்கு அது குறை. கை பிடித்த மூட்டையை மட்டும், ஒரு சாண் தூரத்துக்குள் வாசித்தால் போதும். வீச்சு குறைந்தால் பேட்டரி சிறுக்கும், எடை குறையும், கணக்கும் சுத்தமாக இருக்கும். வீச்சைக் குறைத்து வைக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எடையைத் தராசில் போட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. அது எங்கே தொங்குகிறது என்பதே முக்கியம். விரல் நுனிப் பக்கம் உள்ள ஐம்பது கிராம், முழங்கைப் பக்கம் உள்ள நூறு கிராமைவிட அதிகமாகக் கையை அசத்தும். பேட்டரியை முன்கையில் வைத்து, ஆன்டெனாவை மட்டும் புறங்கையில் வைத்த அமைப்பு தேவலாம். ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒயர் வெளியே தொங்கக் கூடாது. மூட்டைக் கொக்கியில் மாட்டினால் கருவிக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து.

நம் ஆட்கள் வெறுங்கையால் சாக்கின் மூலையைப் பிடித்துத் தூக்குபவர்கள். அந்தப் பிடி உள்ளங்கையில்தான் இருக்கிறது. உள்ளங்கையை மூடும் கையுறை நம் ஊர் வெயிலுக்கும் வேலைக்கும் ஆகாது. உள்ளங்கை திறந்த பட்டை வகையே பொருந்தும். பட்டை தனியாகக் கழன்று வர வேண்டும். துவைக்க முடிய வேண்டும். வியர்வையில் நனைந்த பட்டையை அடுத்த ஆள் மாட்டுவது அசுத்தம், தோல் அரிப்புக்கும் வழி. ஆளுக்கொரு பட்டை, கருவி மட்டும் பொது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர் ஒருவராவது எல்லாக் கடையிலும் இருப்பார். அவருக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பாக்கெட் போடும் பெண்களின் உலோக வளையல்கள் ஆன்டெனா பக்கத்தில் வந்தால் வாசிப்பு கெடும்.

ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் பொத்தான் அழுத்த வேண்டிய வகையானால், நாளுக்கு ஆயிரம் முறை அழுத்தும் விரலை நினைத்துப் பாருங்கள். பொருளைத் தொட்டதும் தானே வாசிப்பது நல்லது. வாசித்ததை அறிவிக்க வெறும் ‘பீப்’ ஒலி போதாது. மண்டிச் சத்தத்தில் அது காதில் விழாது. மணிக்கட்டில் சிறு அதிர்வு தரும் வகையைக் கேளுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கை வலித்தால் ஆள் வாய்திறந்து சொல்ல மாட்டார். முதலாளி பார்க்காதபோது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பாதி மூட்டை வாசித்து, பாதி வாசிக்காத கணக்கு, கருவியே இல்லாத சிட்டைக் கணக்கைவிட மோசம். அதேபோல், யார் எத்தனை மூட்டை தூக்கினார் என்று இதிலிருந்து எடுத்துக் கூலி பேசப் புறப்பட்டாலும் கருவி ஆணிக்குத்தான் போகும். சரக்கை எண்ண வாங்கியதைச் சரக்கை எண்ணவே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அரை மணி நேர டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். லோடு வரும் ஒரு முழு நாள், இரண்டு மூன்று ஆட்களிடம் கொடுத்துப் பாருங்கள். மாலையில் மணிக்கட்டில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று நீங்களே கையைப் பிடித்துப் பாருங்கள். டேக்கை எல்லா மூட்டையிலும் ஒரே இடத்தில், வாய்ப்பக்கத் தையலோரம் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டேக்கைத் தேடியே கை சோர்ந்துவிடும். எண்ணெய் டின்னில் சாதாரண டேக் வேலை செய்யாது; உலோகத்துக்கென்று உள்ள தனி டேக் விலை கூடுதல். டின்னுக்கும் சில்லறைப் பாக்கெட்டுக்கும் பார்கோடே போதும் என்பது என் கருத்து.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் மலிவாக வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகை ரீடருக்கு அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் உரிமமின்றி அனுமதிக்கப்பட்டது 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் குறுகிய பட்டை. அங்குள்ள கருவியை அப்படியே இங்கே இயக்கினால் செல்போன் அலைவரிசையில் இடைஞ்சல் வரும், சட்டப்படியும் குற்றம். பில்லோடு இந்திய அலைவரிசைக்கான அங்கீகாரச் சான்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.