டிவி கேமுக்கு எத்தனை வோல்ட்?

தொரப்பள்ளியிலிருந்து கிளம்பி ஓசூர், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் கடை போர்டெல்லாம் கன்னடமாக மாறிவிடும். ஆனால் பிளக்கில் வருவது அங்கேயும் 230 வோல்ட்தான். ஜப்பானில் அப்படி இல்லை, 100 வோல்ட். அமெரிக்காவில் 120.

1990-களில் நம் நாட்டில் சாமுராய், மீடியா என்ற பெயர்களில் டிவி கேம் பெட்டிகள் விற்றன. இவை 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. அந்த ஒரிஜினல் பெட்டி யார் வீட்டுக்காவது வந்தால் உடனே சொருகிடாதீங்க!

அதன் அடாப்டர் 100 வோல்ட்டை வாங்கி 10 வோல்ட் டி.சி. தரும். உள்ளே இருப்பது டிரான்ஸ்பார்மர். அதன் இரும்பு தாங்கும் காந்தத்துக்கு ஓர் அளவு உண்டு. 230 கொடுத்தால் அளவு தாண்டி, முதல் சுருளில் கரண்ட் எகிறும். சூடு, நாற்றம், புகை!

ஆனால் பெட்டிக்கு 100-ம் தெரியாது, 230-ம் தெரியாது. உள்ளே வேலை நடப்பது 5 வோல்ட்டில். அதனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். இன்புட் 230, அவுட்புட் 9 அல்லது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர். ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, தேவையானதைத்தான் பெட்டி இழுக்கும். குறையக் கூடாது.

முக்கியமானது பின். ஃபேமிகாமுக்கு நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நேர்மாறு. அடாப்டர் முதுகில் சின்னப் படம் இருக்கும், பாருங்க. அமெரிக்க நின்டெண்டோ அடாப்டரும் வேண்டாம், அது தருவது ஏ.சி.

(டிவியில் படம் வருமா என்பது வேற கதை. ஜப்பான் என்.டி.எஸ்.சி., நாம பால்!)